நோயாளியின் மனத்தடுமாற்றமும் செவிலியர் கடமையும்

(கல்விச் சங்க வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளின் கையில் புத்தகத்தைக் கொடுத்துவரும் இச்சங்கத்தின் விழாவில், கல்வியின் சிறப்பைப் பற்றிப் பலரும் பேசினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றியவள் என்ற முறையில் எனக்குத் தரப்பட்ட பொருள் வேறு. அப்பிரிவில் கிடக்கும் நோயாளிக்கு அறிவு தடுமாறும்போது, செவிலியர் அதை எவ்வாறு கண்டறிகிறார், எவ்வாறு அளந்து பார்க்கிறார் என்பதே அது. மருத்துவமனைச் சுவர்களுக்குள் பேச வேண்டிய செய்தியை ஊர்க் கூட்டத்தில் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் பீடி சுற்றும் திண்ணையிலும் உழைத்து உடல் நலிந்த நம்மவர்களும் அந்தப் படுக்கைகளில் கிடக்கிறார்கள். வெளியே வராந்தாவில் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பவர்கள் நாம். உள்ளே நடப்பதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

நோயின் பெயர்

காய்ச்சல் முற்றி ஒருவர் தொடர்பில்லாமல் பேசினால், “ஜன்னி கண்டுவிட்டது” என்று நம் பாட்டிமார் சொல்வர். நாட்டு வைத்தியர்கள் சன்னியைப் பதின்மூன்று வகையாக எண்ணிக் கூறுவதுண்டு. ஆனால் வலிப்பையும் பிரசவத்துக்குப் பின் வரும் கோளாற்றையும்கூட நம் மக்கள் ஜன்னி என்றே சொல்வதால், மருத்துவத்துறையில் ‘டெலிரியம்’ என்ற சொல் வழங்குகிறது. லத்தீன் மொழியில் அதன் வேர்ப்பொருள் ‘சால் தவறுதல்’ என்பதாகும். உழும் ஏர் சாலை விட்டு விலகுவதுபோல மனம் தன் தடத்தை விட்டு விலகுகிறது என்பது கருத்து.

இது பைத்தியம் அன்று. பேய் பிடித்ததும் அன்று. உடல் நோயின் கடுமையால் மூளை தன் வேலையைச் செய்ய இயலாமல் தடுமாறும் நிலை. சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ தோன்றும். காலையில் தெளிவு, மாலையில் குழப்பம், நள்ளிரவில் கூச்சல் என்று ஏறி இறங்கும். முதுமையில் ஆண்டுக் கணக்கில் மெல்ல வளரும் மறதி நோயிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது இந்த ஏற்ற இறக்கமே. எல்லாவற்றுக்கும் மேலாக, கவனம் குலைகிறது. சொன்னதைப் பிடித்து வைத்துக்கொள்ள மனத்துக்கு வலு இராது.

இதனைச் சிறிய செய்தி என்று கருதலாகாது. மூச்சுக் கருவியில் வைக்கப்பட்ட 224 நோயாளிகளை ஆராய்ந்து 2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 183 பேருக்கு டெலிரியம் கண்டிருந்தது. அவர்களில் நூற்றுக்கு 34 பேர் ஆறு மாதத்துக்குள் இறந்தனர். டெலிரியம் காணாதவர்களில் இறந்தோர் நூற்றுக்கு 15 பேர். 2013-இல் வெளியான மற்றோர் ஆய்வில், தீவிர சிகிச்சையிலிருந்து பிழைத்து மூன்று மாதம் கழித்துச் சோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 40 பேரின் அறிவுத்திறன், தலையில் நடுத்தரமான அடிபட்டவர்களின் நிலையில் இருந்தது. டெலிரியம் எத்தனை நாள் நீடித்ததோ அத்தனைக்கு இழப்பும் மிகுந்திருந்தது. கைக்கணக்கும் கண்பார்வையும் கூர்மையாக இருந்தால்தான் கூலி கிடைக்கும் ஒரு தையல் தொழிலாளிக்கு இது எத்தகைய இழப்பு என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. உயிர் பிழைத்துவிட்டார் என்று மாலை போட்டு அழைத்து வருகிறோம். அவர் பிழைப்பு போய்விட்டதைப் பிறகே அறிகிறோம்.

கூச்சலும் அமைதியும்

டெலிரியத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று எல்லாரும் அறிந்தது. நோயாளி கூச்சலிடுவார், குழாய்களைப் பிடுங்குவார், கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார், இல்லாத பூச்சியைக் காற்றில் பிடிப்பார். இவரை யாரும் கவனிக்காமல் விட முடியாது. மற்றொரு முகம் அமைதியானது. நோயாளி சுவரைப் பார்த்தபடி கிடப்பார். கூப்பிட்டால் மெல்லக் கண் திறப்பார். கேட்டதற்குத் தலையாட்டிவிட்டு மீண்டும் மூடிக்கொள்வார். தொந்தரவு இல்லை. “நல்ல நோயாளி” என்று பெயரெடுப்பார். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவில் டெலிரியம் கண்டவர்களில் கூச்சல் முகம் மட்டுமே கொண்டவர்கள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. அமைதி முகம் மட்டுமே கொண்டவர்கள் நூற்றுக்கு 43 பேருக்கு மேல். மற்றவர்கள் இரண்டும் மாறி மாறி வந்தவர்கள். ஆக, மிகுதியாக வருவதே மிகுதியாகத் தவறவிடப்படுகிறது.

தோழர்களே, இந்த இடத்தில் நம் சமுதாயத்தவர் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அடங்கியிருப்பதே நல்ல குணம் என்று தலைமுறை தலைமுறையாக நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. தெருமுனையிலும் பண்ணையிலும் ஆலையிலும் வாய் திறவாதவனே நல்லவன் என்று மெச்சப்பட்டான். அந்தப் பழக்கம் மருத்துவமனைக்குள்ளும் நம்மோடு வருகிறது. நம் வீட்டுப் பெரியவர் பேசாமல் கிடந்தால், “அமைதியாக இருக்கிறார்” என்று நாமே சொல்லி ஆறுதல் கொள்கிறோம். கூச்சலிட்டாலோ, “குடிகாரன், போதை இன்னும் தெளியவில்லை” என்று எவராவது சொல்லிவிட்டுப் போய்விடுகின்றனர். இரண்டிலும் நோய் மறைந்து போகிறது. மௌனத்தை நலம் என்று எண்ணாமல், அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பதே நல்ல செவிலியத்தின் தொடக்கம்.

செவிலியர் அளக்கும் முறை

மருத்துவர் படுக்கையருகே சில நிமிடங்கள் நிற்கிறார். அந்த நேரத்தில் நோயாளி தெளிவாக இருந்துவிட்டால் குழப்பம் அவர் கண்ணில் படாது. ஒரு முறைப் பணி முழுவதும் அருகிலேயே இருப்பவர் செவிலியர்தாம். ஆகவே ஏறி இறங்கும் இந்நோயைக் காணும் வாய்ப்பு அவருக்கே மிகுதி. ஆனால் வெறும் கண் பார்வை ஏமாற்றிவிடும். அதனால்தான் அளவுகோல்கள் வகுக்கப்பட்டன. முறைப் பணி மாறும்தோறும் ஒருமுறையேனும் அளந்து ஏட்டில் பதிவது வழக்கம்.

முதற்படி, விழிப்பை அளப்பது. 2002-இல் வெளியான ரிச்மண்ட் அளவுகோல் இதற்குப் பயன்படுகிறது. அது கழித்தல் ஐந்திலிருந்து கூட்டல் நான்கு வரை செல்லும். விழிப்பும் அமைதியும் சேர்ந்த நிலை பூஜ்யம். கூட்டல் பக்கம் பரபரப்பு. உச்சியில் அடிக்க வருதல். கழித்தல் பக்கம் மயக்கம். செவிலியர் நோயாளியைப் பெயர் சொல்லி அழைத்து, தன்னைப் பார்க்கச் சொல்கிறார். கண்ணோடு கண் பத்து விநாடிக்கு மேல் நிலைத்தால் கழித்தல் ஒன்று. அதற்குள் நழுவினால் கழித்தல் இரண்டு. கண் பாராமல் அசைவு மட்டும் இருந்தால் கழித்தல் மூன்று. குரலுக்கு அசையாமல் தொட்டு உலுக்கினால் மட்டும் அசைந்தால் கழித்தல் நான்கு; அதற்கும் அசையாவிட்டால் ஐந்து. கடைசி இரண்டு நிலையிலும் மேற்கொண்டு சோதிக்க இயலாது. பிறகு வந்து பார்க்க வேண்டும்.

இரண்டாம் படி, டெலிரியம் உண்டா என்று காண்பது. ஷாரன் இனோயி என்ற மருத்துவர் 1990-இல் வகுத்த முறையை, பேச இயலாத நோயாளிகளுக்கும் ஏற்றவாறு வெஸ்லி ஈலி என்பவரும் அவருடைய குழுவினரும் 2001-இல் மாற்றியமைத்தனர். ‘கேம்-ஐ.சி.யூ.’ என்று இது உலகெங்கும் அறியப்படுகிறது. இதில் நான்கு கேள்விகள் உள்ளன. ஒன்று, நோயாளியின் மனநிலை அவருடைய வழக்கமான நிலையிலிருந்து மாறியுள்ளதா, அல்லது கடந்த ஒரு நாளில் ஏறி இறங்கியுள்ளதா? இரண்டு, கவனம் குலைந்துள்ளதா? மூன்று, இப்போது விழிப்பு நிலை பூஜ்யத்தை விட்டு விலகியுள்ளதா? நான்கு, சிந்தனை ஒழுங்கற்று உள்ளதா? முதல் இரண்டும் இருந்து, பின் இரண்டில் ஏதேனும் ஒன்றும் இருந்தால் அது டெலிரியம்.

கவனத்தைச் சோதிக்கும் விதம் எளியது. செவிலியர் நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பத்து எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். குறித்த ஓர் எழுத்து காதில் விழும்போது மட்டும் கையை அழுத்த வேண்டும். அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தாததும், வேண்டாத இடத்தில் அழுத்துவதும் பிழை. இரண்டு பிழைக்கு மேல் போனால் கவனம் குலைந்துள்ளது என்று பொருள். சிந்தனையைச் சோதிக்க, கல் தண்ணீரில் மிதக்குமா, கடலில் மீன் உண்டா என்பன போன்ற நான்கு கேள்விகள் கேட்கப்படும், தலையசைப்பே விடை. இரண்டு விரலைக் காட்டச் சொல்லி, மறு கையாலும் அவ்வாறே செய்யச் சொல்வார். தொண்டையில் குழாய் உள்ளவரும் இதற்கு விடை தரலாம். எல்லாம் சேர்ந்து ஓரிரு நிமிட வேலை.

தேர்வு நோயாளிக்குப் பொருந்த வேண்டும்

இந்தத் தேர்வுக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கேட்டு, மனத்தில் நிறுத்தி, கையை அழுத்தினால் போதும். இருப்பினும், கேட்டுப் பழகாத ஆங்கில எழுத்தை முன்வைத்தால் கவனம் உள்ளவரும் தடுமாறலாம். எழுத்துக்குப் பதிலாகப் படங்களைக் காட்டிச் சோதிக்கும் முறையும் உண்டு. நம் வட்டாரத்தில் தமிழ் மட்டுமன்று. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் உருது பேசுவோர் பலர். தெலுங்கு பேசும் குடும்பங்களும் உண்டு. நோயாளியின் வீட்டு மொழியில் கேட்காத கேள்வி, அவருடைய மூளையைச் சோதிப்பதில்லை. நம் பள்ளிக்கூடத்தையே சோதிக்கிறது.

“இன்று என்ன தேதி?” என்ற கேள்வியும் அப்படிப்பட்டதே. நாட்காட்டி பார்த்தறியாத ஒரு மூதாட்டி விடை சொல்லாததால் அவருக்கு அறிவு தடுமாறியது என்று எழுதிவிட முடியுமா? அவரிடம் ஆடி பிறந்துவிட்டதா, அமாவாசை போய்விட்டதா, கூலி போடும் நாள் எது என்று கேட்டால் சரியாகச் சொல்வார். கண்ணாடியும் காதுக்கருவியும் வீட்டில் கிடக்க, எதிரே நிற்பவர் முகம் தெரியாமல் விழிப்பவரையும் குழப்பமுற்றவர் என்று கொள்ளக் கூடாது.

இன்னொன்றும் கூற வேண்டும். வயதில் மூத்த ஒருவரை “ஏய், கண்ணைத் திற” என்று அழைத்தால், அவர் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொள்ளலாம். வாழ்நாள் முழுவதும் அப்படி அழைக்கப்பட்டுச் சலித்தவர் அவர். “ஐயா, என்னைப் பாருங்க. நான் நர்ஸ். நீங்க வேலூர் ஆஸ்பத்திரியில இருக்கீங்க. இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, பொழுது விடிஞ்சிருச்சு” என்று சொல்லும்போது திறக்கும் கண் வேறு. மரியாதை இங்கே உபசாரம் அன்று. அளவுகோல் பிழைபடாமல் இருப்பதற்கான நிபந்தனை.

காரணத்தைத் தேடுதல்

டெலிரியம் உண்டு என்று கண்டதோடு வேலை முடிவதில்லை. புகை கண்டால் நெருப்பைத் தேடுவதுபோல், மறைந்திருக்கும் காரணத்தைத் தேட வேண்டும். பிராணவாயுக் குறைவு, கிருமித் தொற்று, சர்க்கரை தாழ்தல், உப்புச் சத்துக் குறைதல், வலி, அடைபட்ட சிறுநீர்க் குழாய், மலச்சிக்கல், உறக்கமின்மை, தூக்க மருந்துகள் என்று பட்டியல் நீளும்.

நம் வட்டாரத்துக்கே உரிய சிலவற்றைக் குறிப்பிடுகிறேன். மழைக்காலத்தை ஒட்டியும் குளிர் மாதங்களிலும் வேலூர்ப் பகுதியில் உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்கிரப் டைபஸ் பரவுகிறது. கண்ணுக்கு எளிதில் தெரியாத சிறு பூச்சி கடித்து வருவது. அது மூளையைத் தாக்கினால் குழப்பம் உண்டாகும். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் ஒரு கருவடு இருக்கும். பெரும்பாலும் அக்குளிலோ தொடை இடுக்கிலோ மறைந்து கிடக்கும். நோயாளியின் உடம்பைத் துடைத்துவிடும் செவிலியரே அதை முதலில் காணக்கூடியவர். பயிர்ப் பூச்சிமருந்தைக் குடித்து வருவோருக்கு அட்ரோபின் என்ற மருந்து உயிர் காக்கிறது. அதே மருந்து அளவு மீறினால் கண்மணி விரிந்து, வாயும் அக்குளும் வறண்டு, குடல் ஓசை அடங்கி, உடல் கொதித்து நோயாளி பிதற்றத் தொடங்குவார். விஷத்தின் வேகமா, மருந்தின் மிகையா என்பதை இந்த அடையாளங்களைக் கொண்டே அறிய வேண்டும்.

தோல் பதனிடும் ஆலைகளில் சுண்ணாம்பும் சல்ஃபைடும் கலந்த கழிவுநீர் அமில நீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சுவாயு எழும். தொட்டியிலிருந்து தூக்கி வரப்படும் தொழிலாளி தடுமாறிப் பேசினால், அது போதை அன்று. மூளை மூச்சுக்குத் தவிக்கிறது. மதுவைப் பற்றியும் மறைக்காமல் பேசுவோம். நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் மருத்துவமனையில் சேர்ந்து குடி நின்றுபோனால், இரண்டு மூன்று நாள் கழித்துக் கை நடுங்கி, வியர்த்து, இல்லாததைக் கண்டு கூச்சலிடுவார். இது உயிருக்கு ஆபத்தானது. உரிய மருந்து உண்டு. அவமானம் என்று குடும்பத்தார் மறைத்தால் அந்த மருந்து நேரத்தில் சேராது.

மருந்தினும் பெரிது பராமரிப்பு

கூச்சலிடும் நோயாளிக்கு ஓர் ஊசி போட்டு அடக்கிவிட்டால் தீர்ந்தது என்ற எண்ணம் நெடுநாள் இருந்தது. 2018-இல் வெளிவந்த ஒரு பெரும் ஆய்வில், ஹாலோபெரிடால், ஜிப்ராசிடோன் ஆகிய மருந்துகளைப் பெற்றவர்களின் டெலிரியம், மருந்தில்லாத வெறும் ஊசி பெற்றவர்களைக் காட்டிலும் விரைவாக நீங்கவில்லை. மாறாக, 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 முதியவர்களைக் கொண்டு 1999-இல் வெளியான ஆய்வில், பகலில் பேச்சுத் துணை, இரவில் உறக்கம், எழுந்து நடத்தல், கண்ணாடி, காதுக்கருவி, போதிய தண்ணீர் ஆகியவற்றைக் கவனித்த பிரிவில் டெலிரியம் கண்டவர்கள் நூற்றுக்கு 10 பேருக்குச் சற்றுக் குறைவு. வழக்கமான கவனிப்பில் 15 பேர். இவை பெரும்பாலும் செவிலியர் கையால் ஆகும் காரியங்கள்.

கையைக் கட்டிலோடு கட்டுவதும் நல்ல தீர்வன்று. கட்டுண்டவர் மேலும் மிரளுகிறார்; டெலிரியம் வளரக் கட்டும் ஒரு காரணமாகிறது. கைகட்டி நிற்கும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்ட சமுதாயம் நம்முடையது. நோயுற்ற நேரத்தில் நம்மவர் கை கட்டப்பட்டிருந்தால், ஏன், எவ்வளவு நேரத்துக்கு என்று பணிவோடும் உறுதியோடும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

குடும்பத்தார் சொல்ல வேண்டியது

அளவுகோலின் முதற்கேள்வியை மறுபடி நினைவூட்டுகிறேன். நோயாளி தம் வழக்கமான நிலையிலிருந்து மாறியுள்ளாரா? அந்த வழக்கமான நிலை எது என்று செவிலியருக்குத் தெரியாது. அதை அறிந்தவர் மகள், மருமகள், பக்கத்து வீட்டுக்காரர். “எங்க நைனா இப்படிப் பேச மாட்டாரு, நேத்துக்கூடப் பேரப்பிள்ளை பேரைச் சொன்னாரு, இன்னைக்கு என்னையே தெரியல” என்ற ஒரு வாக்கியம், விலையுயர்ந்த கருவி சொல்லாததைச் சொல்லும். பெரிய இடத்தில் நாம் என்ன பேசுவது என்று தயங்கி அதை விழுங்கிவிடாதீர்கள்.

கொரோனா காலத்தில் 14 நாடுகளின் 2,088 நோயாளிகளைக் கொண்டு செய்யப்பட்டு 2021-இல் வெளியான ஆய்வில், குடும்பத்தாரை நேரிலோ தொலைபேசித் திரையிலோ கண்டவர்களுக்கு டெலிரியம் குறைவாக இருந்தது. ஆகவே அனுமதி கிடைக்கும் நேரத்தில் உள்ளே சென்று, கையைப் பிடித்து, பெயரைச் சொல்லி, ஊர்ச் செய்தியைப் பேசுங்கள். அவர் பிதற்றினால் வாதாடாதீர்கள், சிரிக்காதீர்கள். கண்ணாடியையும் காதுக்கருவியையும் பல்செட்டையும் மறவாமல் கொண்டு செல்லுங்கள். குடித்த மது, உண்ட மாத்திரை, நாட்டு மருந்து யாவற்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். மந்திரிப்பதற்காக மருத்துவமனையை விட்டு அழைத்துச் செல்லாதீர்கள். வீடு திரும்பிய பின் பல வாரம் மறதியும் கெட்ட கனவும் இருக்கக்கூடும். “பைத்தியம்” என்று பெயர் சூட்டாமல் பொறுமையோடு பழைய வேலைக்குப் பழக்குங்கள்.

மாணவர்க்கு ஒரு சொல்

இளைஞர்களே! 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் ஒரே படுக்கையோடு தொடங்கிய சிகிச்சைப் பணி, 1909-இல் செவிலியர் பயிற்சியாகவும், 1946-இல் செவிலியர் பட்டப்படிப்பாகவும் வளர்ந்தது. இந்நாட்டில் அப்பட்டப்படிப்பு முதன்முதல் தொடங்கிய இடங்கள் இரண்டே. ஒன்று தில்லி, மற்றொன்று நம் வேலூர். பிறர் மலசலத்தைத் தொடும் வேலை என்று ஒருகாலத்தில் மேல்சாதியார் விலகி நின்ற தொழில் இது. தொட்டால் தீட்டு என்று ஒதுக்கப்பட்டவரின் பிள்ளைகள், தொட்டு அறியும் இந்தக் கலையில் தேர்வது வரலாறு செய்யும் நியாயம் என்றே நான் கருதுகிறேன். மேல்நிலைப் படிப்பு முடித்தவர்க்கு மூன்றாண்டுப் பட்டயப் படிப்பும் நான்காண்டுப் பட்டப்படிப்பும் உள்ளன. அரசு இட ஒதுக்கீடும் உதவித்தொகையும் உள்ளன. அவற்றை அறிந்து விண்ணப்பிக்க உதவுவது இச்சங்கத்தின் அடுத்த பணியாகட்டும்.

பட்டம் பெற்றால் மட்டும் போதாது. அளந்து கண்டதை ஏட்டில் எழுத வேண்டும். எழுதியதை மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். “காலையில் பூஜ்யம், இப்போது கழித்தல் இரண்டு, பத்தில் ஐந்து பிழை, சிறுநீர் குறைந்துள்ளது” என்று தயங்காமல் சொல்லும் செவிலியர் ஓர் உயிரைக் காக்கிறார். அண்ணல் அம்பேத்கர் கல்வியை முதலிடத்தில் வைத்ததன் பொருள், நாம் பேசக் கற்பது மட்டுமன்று. பேச இயலாமல் கிடப்பவர் சார்பில் சான்றோடு பேசக் கற்பதும்தான்.

அத்தகைய செவிலியர் பலர் நம் தெருக்களிலிருந்து எழ வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.